எந்தக் கையெழுத்துச் செல்லும்

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
14.01.2006

அன்பு ஜெயா,

நீயும் மகள் மதுராவும் நோய்நொடி இல்லாம இருக்க வேணும் எண்டு மாமாங்கப் பிள்ளையாரை நினைச்சுக்கொண்டு எழுதத் தொடங்குறன். இஞ்ச எங்களுக்குக் குறை சொல்ல ஒண்டுமில்லை. என்ர மனிசனுக்கு முழங்கால் நோ, குளிருக்குக் கூடிக் கிடக்கு. பஸ் ஓட்டுறவருக்கு அது பெரிய கரைச்சல். தீபாவளிக்குப் பிறகு உன்ர கடிதம் ஒண்டையும் காணேல்ல.

போனில சொல்லுவம் எண்டு பாத்தன். உங்கட சந்திக் கடைப் போனுக்குப் பக்கத்தில ஆர் நிப்பினமோ தெரியாது. அதுதான் எழுதுறன். ஜெனீவாவில இருந்து பதில் வந்திட்டுது. எங்கட மனுவை எழுதித் தந்த நோர்வேச் சட்டத்தரணிப் பிள்ளை எமிலி, அதைக் கையில கொண்டு நேர நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்துக்கே வந்தவ. நான் அப்ப ஒரு அம்மாவுக்குச் சூப் பருக்கிக்கொண்டு நிண்டனான். கரண்டியும் கையுமாவே கேட்டன்.

ஐக்கிய நாடுகளின்ர மனித உரிமைக் குழு எங்கட பக்கம் சொல்லியிருக்கு. உன்ர மனிசன், என்ர தம்பிக்கு எதிரா இருந்த ஒரே சாட்சி, ஆமி முகாமில அவன் கையெழுத்து வைச்ச சிங்கள வாக்குமூலம். அவனுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அடிச்சுத்தான் வைப்பிச்சவை எண்டு சொன்னவனிட்ட, அடிச்சதை நீயே நிரூபி எண்டு நீதிமன்றம் கேட்டது பிழையாம். அந்த ஒரு தாளை வைச்சு முப்பது வருசம் போட்டது நியாயமான விசாரணை இல்லையாம். அரசாங்கம் ஒண்டில் அவனை விட வேணும், இல்லாட்டித் திரும்ப விசாரிக்க வேணும். எல்லாம் உனக்கும் எனக்கும் தெரிஞ்ச கதைதான் ஜெயா. எண்டாலும் எங்களை முன்பின் தெரியாத ஆக்கள் அதை எழுதி, அதை ஒருத்தி வாசிச்சுக் காட்டேக்க தாங்கேலாமப் போச்சு. கழிப்பறைக்குள்ள போய் நிண்டிட்டு வந்துதான் மிச்சச் சூப்பைக் குடுத்தன்.

அவனுக்கு நீயே நேர சொல்லு. நான் சிறைக்கு எழுதினா, தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச அதிகாரி பாத்து விடுமட்டும் மாதக்கணக்கில கிடக்கும். இனி எல்லாத்தையும் உன்ர மூலமாத்தான் சொல்லப் போறன்.

மதுராவுக்கு மாமியின்ர முத்தம்.
சரோஜாதேவி


செங்கலடி
20.02.2006

மரியாதைக்குரிய மச்சாளுக்கு,

உங்கட கடிதம் கிடைச்சுது. அண்ணரின்ர முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசிப் பாருங்க. நாங்க இருக்கிறம். மதுரா வளத்தியில என்னை முட்டப் போறாள். பாலர் பாடசாலையில இந்த வருசம் பிள்ளையள் கூட. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை அடைச்சுப் போய்க் கிடக்கு.

போன கிழமை கொழும்புக்குப் போய் அவரைப் பாத்தன். அங்க ஒரே இரைச்சல். இரண்டு கம்பி வலைக்கு நடுவில காவலர் நடந்து திரிவினம். நல்ல விசயத்தையும் கத்தித்தான் சொல்ல வேணும். ஜெனீவா சொன்னதை எல்லாம் கத்திச் சொல்லி முடிச்சன். கேட்டுக்கொண்டு நிண்டார். முடிஞ்ச பிறகு, "மறுகா?" எண்டு ஒரு சொல்லுத்தான் கேட்டார். பிறகு என்ன எண்டதைக் கேக்கத்தான் வெளிக்கிட்டன்.

சட்டத்தரணி சிவானந்தன் ஐயாவிட்டையும் போனன். அது தீர்ப்பு இல்ல, கருத்து எண்டார். எங்களை மாதிரியே இன்னொரு ஆளுக்கு ஜெனீவா முந்தியே கருத்துச் சொல்லி, அந்த ஆளின்ர வழக்கு இப்ப உயர் நீதிமன்றத்தில கிடக்காம். அவருக்கு என்ன சொல்லுவினமோ அதுதான் எங்களுக்கும். பொறுத்திருக்கச் சொன்னார்.

இன்னொண்டு. சிறையில நலன் பாக்கிற அதிகாரி ஒருத்தர் இருக்கிறார், நல்ல மனிசன். ஜனாதிபதிக்கு மன்னிப்பு மனு போட்டா வெளிய வரலாம் எண்டு இவரிட்டச் சொல்லியிருக்கிறார். சிலர் அப்பிடி வந்திருக்கினமாம். ஆனா நான்தான் செய்தன், அதுக்கு மனம் வருந்துறன் எண்டு எழுதிக் கையெழுத்து வைக்க வேணும். அதைச் சொல்லிப்போட்டு என்னைப் பாத்தார். நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். அக்காவிட்டக் கேள் எண்டார்.

உங்கட பதிலைப் பாத்திருக்கிறன்.
ஜெயகுமாரி


ட்வெய்ட்டா, ஒஸ்லோ
09.03.2006

அன்பு ஜெயா,

உன்ர தொண்டை எப்பிடி? கொத்தமல்லி அவிச்சுக் குடி. அண்ணருக்கு எண்ணெய் பூசினன், நித்திரை வருதெண்டார்.

கையெழுத்து வைக்கவே வேண்டாம் எண்டு அவனிட்டச் சொல்லு. செய்யாததைச் செய்தன் எண்டு அவன் எழுதினா, அண்டைக்கு அடிச்சவை எல்லாரும் சரி எண்டாகும். ஜெனீவாவும் அதோட முடிஞ்சுது. அவரே ஒத்துக்கொண்டிட்டாரே, இனி என்ன வழக்கு எண்டு கேப்பினம். இவ்வளவு காலமும் இருந்ததுக்கு ஒரு அர்த்தம் வேணும் ஜெயா.

கருத்து எண்ட சொல்லு எனக்கும் தெரியும். எமிலி முதல் நாளே சொன்னவ. உன்ர மனம் உடையக் கூடாதெண்டு எழுதாம விட்டன். கருத்தெண்டாலும், ஜெனீவா எங்கட முறைப்பாட்டைக் கேக்கலாம் எண்டு ஒரு ஜனாதிபதி கையெழுத்து வைச்சுக் குடுத்த நாடு அது. அதை ஒரேயடியாத் தட்டேலாது. உயர் நீதிமன்றம் அந்த ஆளுக்கு நல்லதாத்தான் சொல்லும்.

பொறுத்திருப்பம். என்ன இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு.
சரோஜாதேவி


செங்கலடி
25.04.2006

மரியாதைக்குரிய மச்சாளுக்கு,

சுகமா இருப்பீங்க எண்டு நம்புறன். நீங்க எழுதினதை வாசிச்சுக் காட்டினன். தலையாட்டினார். மன்னிப்பு மனுவில கையெழுத்து வைக்கேல்ல.

மதுரா சித்திரைக்கு முதல் பெரியபிள்ளையாகிட்டாள். ஆக்களுக்குச் சொல்லேல்ல, தண்ணி வாத்தது மட்டும்தான். பிறகு தகப்பனைப் பாக்கக் கூட்டிக்கொண்டு போனன். வாசல்ல பொம்பிளைக் காவலர் அவளை உள்ளுக்குக் கூட்டிப் போய்ச் சோதிச்சவள். திரும்பி வரேக்க பஸ்ஸில, இனி வரமாட்டன் எண்டாள். ஏன் எண்டு நான் கேக்கேல்ல.

இஞ்ச சரியான வெயில். வேற என்ன எழுத.
ஜெயகுமாரி


ட்வெய்ட்டா, ஒஸ்லோ
30.06.2006

அன்பு ஜெயா,

உன்ர சித்திரைக் கடிதத்துக்குப் பிறகு இது நான் எழுதுற மூண்டாவது கடிதம். மற்ற இரண்டுக்கும் பதில் இல்லை. நீயும் பிள்ளையும் சுகம் எண்டு ஒரு வரி வந்தாலும் எனக்குக் காணும். மதுராவுக்கு ஒரு சீலை வாங்கி வைச்சிருக்கிறன். ஆரும் ஊருக்கு வந்தால் குடுத்துவிடுவன்.

இல்லத்தில ஆக்கள் எல்லாரும் லீவில போயிட்டினம். மிச்சம் இருக்கிற நாங்கள் நாலைஞ்சு பேர் ஓடி ஓடிச் செய்யிறம். கால் வீங்குது. வீட்டுக்கு வந்தாலும் வெளிச்சம் போகாது. திரை போட்டிட்டுப் படுத்தாலும் பகல் மாதிரித்தான்.

எமிலியோட கதைச்சன். உங்கட நாட்டில இப்பிடி நடக்குமோ எண்டு கேட்டன். அதுக்கு அவ, "எங்கட உயர் நீதிமன்றமும் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் சொல்லுறதுக்கெல்லாம் உடன தலையாட்டாது, சரோஜா. வெளியில இருக்கிறவையின்ர சொல்லை எங்க வரைக்கும் எடுக்கிறது எண்டு எல்லா நாட்டு நீதிமன்றமும் கேக்கும். அது கேக்கக் கூடாத கேள்வி இல்லை. ஆனா விடை எழுதேக்க, அதுக்குள்ள ஒரு மனிசன் அடைபட்டிருக்கிறான் எண்டதையும் நினைக்க வேணும்" எண்டா. எனக்கு முழுக்க விளங்கேல்ல. பிறகு பஸ்ஸில வரேக்க விளங்கினது.

என்னோட கோவமோ? கோவம் எண்டாலும் எழுது.
சரோஜாதேவி


செங்கலடி
21.08.2006

மரியாதைக்குரிய மச்சாளுக்கு,

உயிரோட இருக்கிறம். திருகோணமலைப் பக்கம் சண்டை தொடங்கினதில இருந்து தபால் ஒழுங்கா வாறேல்ல. உங்கட மூண்டு கடிதமும் ஒண்டாத்தான் கிடைச்சுது. அண்ணரின்ர காலுக்கு ஒப்பரேசன் செய்யலாமோ எண்டு கேட்டுப் பாத்தீங்களா?

கோவம் இல்ல மச்சாள். களைப்பு. மே மாசத்துக்குப் பிறகு நான் கொழும்புக்குப் போகேல்ல. வழியில சோதனைச்சாவடியளில தமிழ் ஆக்களை இறக்கிப் பேர் பதியினம். இரண்டு பேர் திரும்பி வரேல்ல எண்டு இஞ்ச கதைக்கினம். மதுராவை ஆரிட்ட விட்டிட்டுப் போறது?

வழக்கு நாள் எப்ப எண்டு தெரியாது. தெரிஞ்சா எழுதுங்க.
ஜெயகுமாரி


ட்வெய்ட்டா, ஒஸ்லோ
24.09.2006

அன்பு ஜெயா,

நீயும் பிள்ளையும் பத்திரமா இருக்கிறீங்கள் எண்ட நினைப்பில எழுதுறன். இதை எப்பிடித் தொடங்குறதெண்டு தெரியேல்ல.

அந்த ஆளின்ர வழக்கில உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிட்டுது. சிவானந்தன் ஐயா எமிலிக்கு அனுப்பினவர். நானும் எமிலியும் ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில ஒரு கோப்பிக்கடையில இருந்து வாசிச்சம். அவ ஆங்கிலத்தில வாசிச்சு எனக்கு நோர்வேஜியத்தில சொன்னா. எனக்கு விளங்கினதைத் தமிழில எழுதுறன்.

நாட்டு மக்களின்ர நீதி அதிகாரம் நாட்டு நீதிமன்றங்களுக்கு மட்டும்தானாம். தன்ர நாட்டு நீதிமன்றம் முடிச்ச வழக்கை வெளியில இருக்கிற ஒரு குழு திரும்பப் பாக்கலாம் எண்டு கையெழுத்து வைக்க ஜனாதிபதிக்கு அதிகாரமே இல்லையாம். ஆனபடியால் ஜெனீவா சொன்னதை வைச்சு இந்த நாட்டில ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது. அந்த ஆளின்ர மனு தள்ளுபடி.

"அப்ப எங்கட?" எண்டு கேட்டன். எமிலி தாளை மடிச்சு வைச்சா. "இதே கதவுதான் சரோஜா, உங்களுக்கும் மூடியாச்சு" எண்டா.

அவனிட்ட எப்பிடிச் சொல்லுறதெண்டு நீயே முடிவெடு. என்னால இப்ப வேற ஒண்டும் எழுதேலாமல் கிடக்கு.

கவனமா இரு.
சரோஜாதேவி


செங்கலடி
12.11.2006

மரியாதைக்குரிய மச்சாளுக்கு,

இஞ்ச மழை. வாகரைப் பக்கத்தில இருந்து ஓடி வந்த சனம் எங்கட பள்ளிக்கூடத்தில நிறைஞ்சுபோய்க் கிடக்கு. என்ர வகுப்பறைக்குள்ள ஆறு குடும்பம். பிள்ளையளுக்கு மாமரத்துக்குக் கீழ வைச்சுப் பாட்டுச் சொல்லிக் குடுக்கிறன். எனக்குக் காய்ச்சல் வந்து விட்டிட்டுது. நீங்க உங்கட காலைப் பாருங்க.

தீர்ப்பைப் பற்றி நீங்க எழுதினதைப் பல தரம் வாசிச்சன். நான் சட்டம் படிக்கேல்ல மச்சாள். எனக்கு விளங்கினது இவ்வளவுதான். ஒரு ஜனாதிபதி கதிரையில இருந்து, தேத்தண்ணி குடிச்சு, தன்ர விருப்பத்தோட வைச்ச கையெழுத்துச் செல்லாதாம். என்ர மனிசன் சுவரோட சாத்தி வைச்சு அடிக்க அடிக்க, வாசிக்கத் தெரியாத பாசையில வைச்ச கையெழுத்துச் செல்லுமாம்.

தெரிஞ்ச ஆக்கள் வேன் பிடிச்சுப் போனதால நானும் போய் அவரைப் பாத்தன். சொன்னன். இந்த முறை கத்தத் தேவையிருக்கேல்ல, வாயைப் பாத்தே விளங்கிட்டார். புத்த பெருநாள் வெசாக்குக்கு முதல் திரும்பவும் மன்னிப்புக்குப் பேர் அனுப்பப் போயினமாம். நலன் பாக்கிற அந்த அதிகாரி இவரின்ர பேரையும் கேட்டிருக்கிறார். இவர் யோசிக்கிறன் எண்டிருக்கிறார். என்னிட்ட, "அக்கா இப்ப என்ன சொல்லுறா எண்டு கேள்" எண்டார்.

உங்கட கடிதத்தில மனுவைப் பற்றி ஒண்டும் இருக்கேல்ல. அதால நானும் அவரிட்ட ஒண்டும் சொல்லேல்ல.
ஜெயகுமாரி


ட்வெய்ட்டா, ஒஸ்லோ
08.01.2007

அன்பு ஜெயா,

காய்ச்சல் முற்றாப் போயிட்டுதோ? இரத்தம் சோதிச்சுப் பார். அண்ணருக்கு ஒப்பரேசன் முடிஞ்சு வீட்டில இருக்கிறார். பேப்பரைப் பிடிச்சுக்கொண்டு எல்லாரையும் ஏசுறார். அது சுகம் வந்ததுக்கு அடையாளம்.

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிச்சன். அதுதான் இவ்வளவு சுணக்கம்.

மார்கழியில எங்கட இல்லத்தில ஒரு கிழவர் மோசம் போனவர். அவரின்ர தங்கச்சி மோர்டென்ஸ்ருட்டில இருந்து ஒவ்வொரு ஞாயிறும் ரயிலேறி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில ஊசியும் நூலுமா ஒண்டும் கதையாம இருப்பா. கடைசி நாளும் அப்பிடித்தான் இருந்தவ. அவர் நல்லவரா கெட்டவரா, என்ன செய்தவர், ஒண்டும் எனக்குத் தெரியாது. பக்கத்தில ஒருத்தி இருந்தவ, அவ்வளவுதான் தெரியும். அந்தக் கட்டிலைத் துடைச்சு விரிப்பு மாத்தேக்க எனக்குத் தம்பியின்ர நினைப்பு.

அந்தக் கையெழுத்தை வைக்கச் சொல்லு ஜெயா. செய்தன் எண்டு எழுதட்டும், மனம் வருந்துறன் எண்டு எழுதட்டும். அவை என்ன கேக்கினமோ அதை எழுதட்டும். ஆர் நம்பினா என்ன, நம்பாட்டி என்ன. எனக்கு அவன் வெளிய வேணும். மதுராவுக்குத் தகப்பன் வேணும். நான் இஞ்ச சூடான வீட்டுக்குள்ள இருந்துகொண்டு, உண்மை உண்மை எண்டு உங்களை இருத்திப்போட்டன். இனி இல்லை.

இதை அப்பிடியே அவனுக்கு வாசிச்சுக் காட்டு. வெசாக்குக்கு முதல்.
சரோஜாதேவி


செங்கலடி
18.04.2007

மரியாதைக்குரிய மச்சாளுக்கு,

அண்ணர் திரும்ப வேலைக்குப் போறாரா? நீங்க நிண்டு நிண்டு வேலை செய்யிறதைக் குறையுங்க. மதுராவுக்கு இப்ப படிப்பில நல்ல கவனம். பள்ளிக்கூடத்தில இன்னும் சனம் குறையேல்ல, இப்ப படுவான்கரையில இருந்தும் வந்திருக்கினம்.

உங்கட கடிதம் மாசியிலேயே வந்திட்டுது. நான் பதில் எழுதேல்ல. எழுத முதல் அவரைப் பாக்க வேணும் எண்டு இருந்தன். பங்குனிக் கடைசியில போனன். கடிதத்தைப் பையுக்குள்ள கொண்டு போனன். வழி முழுக்க எனக்குச் சந்தோசம் மச்சாள். உண்மையைச் சொல்லுறன். முதல் தரம் அவர் உங்களிட்டக் கேக்கச் சொன்னதா எழுதினனே, அண்டைக்கே அவர் வைச்சிட்டு வீட்ட வர வேணும் எண்டுதான் எனக்கு மனம். நீங்க வேண்டாம் எண்டதால வாய் திறக்கேல்ல. இப்ப நீங்களே ஓம் எண்டிட்டீங்க.

அவர் வந்து நிண்டார். முன்பல்லு ஒண்டு விழுந்திட்டுது, கதைக்கேக்க காத்துப் போகுது. எப்பவும் மதுராவைத்தான் முதல் கேப்பார். அண்டைக்கு, "அக்காவின்ர கடிதம் வந்ததா?" எண்டார்.

"வந்தது."

"வைக்கச் சொல்லிட்டாவோ?"

நான் பையைத் திறக்கப் போனன். அவர் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, "கொஞ்சம் பொறு ஜெயா, எனக்குப் பயமாக் கிடக்கு" எண்டார்.

"என்னத்துக்குப் பயம்?"

"அக்கா வைக்கச் சொன்னா நான் வைப்பன். மறுகா நான் செய்தவனாப் போயிடுவன். அண்டைக்கு அடிச்சு வாங்கினாங்கள், சரி, அது அவங்கட. இண்டைக்கு அடிக்காமலே நானாக் குடுத்தா அது என்ர. நான் சொன்னதை நம்பி எழுத்தில தந்தது இரண்டு பேர். ஜெனீவாவைச் செல்லாதெண்டிட்டாங்கள். இனி அக்கா ஒராள்தான்."

என்ர கை கடிதத்தில கிடந்தது. எடுத்து வாசிச்சிருந்தா அண்டைக்கே வைச்சிருப்பார். அந்த அதிகாரி அங்காலதான் நிண்டவர்.

"அக்கா வைக்க வேண்டாமாம்" எண்டு சொன்னன்.

அவர் கம்பியில நெத்தியை வைச்சுக்கொண்டு நிண்டார். "எனக்குத் தெரியும்" எண்டார். மறுகா மதுரா கணக்குப் பாடத்தில எப்பிடி, வீட்டுக் கூரை ஒழுகுதா, எல்லாம் கேட்டார். சிரிச்சும் கதைச்சார். அவர் அப்பிடிச் சிரிச்சு நான் கண்டு எத்தினையோ காலம்.

வரேக்க பஸ்ஸில என்னை நானே ஏசிக்கொண்டு வந்தன். நான் கேட்டதெல்லாம் ஒரு மனிசன் வீட்டில இருக்கிறது. கைக்குள்ள வந்ததை விட்டிட்டன். ஏன் அப்பிடிச் சொன்னன் எண்டு இண்டைக்கும் சரியாச் சொல்லத் தெரியேல்ல. அவரின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு வாசிக்க ஏலாமப் போச்சு, அவ்வளவுதான்.

பேர் இன்னும் அனுப்பேல்லயாம், வெசாக் தவறினாலும் பிறகும் அனுப்பலாமாம். கடிதம் என்னிட்டப் பத்திரமாக் கிடக்கு. நீங்க ஏசுறதெண்டா ஏசுங்க. வாசிக்கச் சொன்னா அடுத்த முறை வாசிக்கிறன். இனி இது உங்கட கையில.
ஜெயகுமாரி


ட்வெய்ட்டா, ஒஸ்லோ
03.05.2007

என்ர ஜெயா,

இஞ்ச எல்லாருக்கும் சுகம். உனக்கும் பிள்ளைக்கும் அப்பிடியே இருக்கட்டும்.

உன்ர கடிதத்தை வேலைக்குப் போற ரயிலில வாசிச்சன். இறங்க வேண்டிய இடத்தில இறங்கேல்ல. கடைசி நிலையம் மட்டும் போய், அந்த ரயிலிலேயே திரும்பி வந்தன். வேலைக்குப் பிந்திப் போனதுக்குப் பேச்சு வாங்கினன்.

வாசிக்காதை. நான் வைக்க வேண்டாம் எண்டுதான் சொன்னன், அப்பிடியே இருக்கட்டும். நீ பொய் சொல்லேல்ல. சிவானந்தன் ஐயா கணக்குப் பாத்துச் சொன்னவர், நன்னடத்தைக்குக் குறைக்கிற கழிவெல்லாம் போக இன்னும் ஏழெட்டு வருசம் வருமாம். எமிலி வேற வழி தேடிப் பாக்கிறன் எண்டா. நான் ஓம் எண்டன். அவவுக்கும் எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை.

ஆடி மாசம் நான் வாறன். அண்ணர் வேண்டாம் எண்டுதான் சொல்லுறார், சண்டை நடக்குதாம், கொழும்பிலயே ஆக்களைப் பிடிக்கினமாம். ரிக்கற் எடுத்திட்டன். தம்பியை நேர பாத்து, அவன் கேட்டா, வைக்காதை எண்டு என்ர வாயாலயே சொல்லுவன். சொல்ல ஏலுமோ தெரியேல்ல. நீ பக்கத்தில நிண்டால் ஏலும்.

ஆனா முதல் செங்கலடிக்குத்தான் வருவன். அவன் ஒவ்வொரு தரமும் அக்காவிட்டக் கேள், அக்காவிட்டக் கேள் எண்டு உன்னை அனுப்பினான். நானும் அங்கயிருந்து வந்த கேள்விக்கெல்லாம் எசமாட்டி மாதிரிப் பதில் எழுதினன். உனக்கு என்ன வேணும் எண்டு நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் கேக்கேல்ல.

வந்து, கால் கழுவி, உன்ர கையால ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு, அதைத்தான் கேப்பன். யோசிச்சு வை.

சரோஜாதேவி